ஒரே நாளில் தாலின்: தனியாகப் போகிறவர்களுக்கு

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினைத் தனியாக ஒரு நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

மகன் ஹெல்சிங்கி பக்கம் எஸ்போவில் வேலை பார்க்கிறான். அவன் ஆபீஸ் போகும் ஒரு நாளில் நான் மட்டும் கப்பலில் தாலின் போய் இரவுக்குள் திரும்பலாம் என்றிருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா. வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பினால் அது காலாவதி ஆகிவிடாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

ஆகாது. பின்லாந்து, எஸ்தோனியா இரண்டுமே ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது வெளியேறுவதாகக் கணக்கில் வராது. முத்திரையும் குத்த மாட்டார்கள். உங்கள் விசா ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் இடம் என்ற வரியில் 'ஷெங்கன்' என்று தொடங்கும் சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே தனி நாட்டின் பெயர் இருந்தால் நிலைமை வேறு. வழக்கமான சோதனை இல்லாவிட்டாலும் இடையிடையே ஆவணம் கேட்பார்கள். எனவே அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் போதாது.

இதில் தவறு நடப்பது விசாவில் அல்ல, துறைமுகத்தில். தாலிங்க், எக்கெரோ என்ற இரண்டு நிறுவனங்களின் கப்பலும் ஹெல்சிங்கியின் மேற்குத் துறைமுகத்தில் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படும். வைக்கிங் நிறுவனத்தின் கப்பல் புறப்படுவது கதயனொக்கா என்ற வேறு இடத்திலிருந்து. தாலினில் தாலிங்க் 'டி' முனையத்துக்கும் மற்ற இரண்டும் 'ஏ' முனையத்துக்கும் வரும். டிக்கெட்டில் முனையத்தின் பெயரைப் பார்க்காமல் டிராம் ஏறியவர்கள்தான் கப்பலைத் தவறவிடுகிறார்கள். புறப்படும் நேரத்துக்கு நன்றாக முன்பே செக்-இன் மூடிவிடும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கடல் தூரம் சுமார் 80 கிலோமீட்டர், பயணம் 2 முதல் இரண்டரை மணி நேரம். இரு நாட்டுக்கும் ஒரே நேரம், ஒரே யூரோ. கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம், பணத்தையும் மாற்ற வேண்டாம்.

காலை ஒன்பதரை மணிக்கு இறங்கி மாலை ஏழரைக் கப்பலில் திரும்பினால் எதை எந்த வரிசையில் பார்ப்பது? இணையத்தில் ஆளுக்கொரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பட்டியல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், வரிசைதான் நாளைக் கெடுக்கும். பழைய நகரம் இரண்டு தட்டாக இருக்கிறது. கீழே வணிகர்கள் வாழ்ந்த பகுதி, மேலே சுண்ணாம்புக்கல் குன்றின்மேல் தோம்பேயா. உல்லாசக் கப்பல்களின் சுற்றுலாக் கூட்டம் முற்பகலில் பஸ்ஸில் நேரே தோம்பேயாவில் இறங்கி அங்கிருந்து கீழே நடக்கும். அந்த நேரத்தில் நீங்களும் மேலே போனால் காட்சி மாடங்களில் வரிசையில் நிற்க வேண்டும். வெளிச்சமும் ஒத்துழைக்காது. அந்த மாடங்கள் வடக்கும் கிழக்கும் பார்த்தவை, பிற்பகலில்தான் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வந்து சிவப்புக் கூரைகள் மேல் விழும். ஆகவே காலையில் கீழ்நகரம், மதியத்துக்கு மேல் தோம்பேயா.

துறைமுகத்திலிருந்து எல்லோரும் வீரு வாசல் பக்கம் போவார்கள். நீங்கள் 'கொழுத்த மார்கரெட்' என்ற உருண்டைக் கோபுரம் நிற்கும் கடற்கரை வாசல் வழியாக நுழையுங்கள், நடை கால் மணி நேரம். அங்கே தொடங்கும் பிக் தெரு கீழ்நகரம் முழுவதையும் ஊடுருவிப் போகிறது. முதலில் ஒலெவிஸ்தே தேவாலயம். கோபுரம் பத்து மணிக்குத் திறக்கும், அப்போதே ஏறிவிடுங்கள். அதே தெருவில் 59-ஆம் எண் கட்டடத்தில் அடித்தள ஜன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். சோவியத் காலத்தில் உளவு அமைப்பான கேஜிபியின் தலைமையகம் அது. விசாரணைக் கைதிகளின் குரல் தெருவுக்குக் கேட்காமலிருக்க அடைத்தார்கள் என்பது ஊரார் சொல்வது. கீழே இருந்த சிறை அறைகள் இப்போது சிறு மியூசியம், நுழைவு பக்கத்துத் தெருவில்.

இன்னும் சற்று நடந்தால் பரிசுத்த ஆவி தேவாலயத்தின் வெளிச்சுவரில் 17-ஆம் நூற்றாண்டின் செதுக்கிய மரக் கடிகாரம். அதை ஒட்டிய சந்து நகர மன்றச் சதுக்கத்தில் கொண்டுவிடும். நகர மன்றக் கட்டடம் 1404-இல் முடிந்தது. எதிர் மூலையில் உள்ள மருந்துக் கடை 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெறுகிறது, இன்றும் மாத்திரை விற்கிறார்கள். உள்ளே பழைய மருந்துகளை வைத்திருக்கும் சிறு அறையைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது கோட்டைச் சுவர். நுன்னா, சவுனா, குல்த்யாலா என்ற மூன்று கோபுரங்களை இணைக்கும் சுவரின்மேல் சிறு கட்டணத்தில் நடக்கலாம். அங்கிருந்து வெளியே வந்தால் பால்டிக் ரயில் நிலையம், அதன் பின்னால் சந்தை. மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். சதுக்கத்து ஓட்டல்களைவிட விலை குறைவு, கூட்டமும் உள்ளூர்க் கூட்டம்.

ஒன்றரை மணிக்கு மேல் பத்குலி படிக்கட்டு வழியாகத் தோம்பேயா ஏறுங்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள், ஏறி முடிக்கும் இடத்திலேயே பத்குலி மாடம். இரண்டு நிமிடத்தில் கொஹ்துஒட்சா மாடம். பிறகு 1900-இல் கட்டி முடித்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தேவாலயம். இலவசம்தான், உள்ளே படம் எடுக்கக் கூடாது. எதிரே நாடாளுமன்றம். குறுங்கால் தெரு என்று சொல்லத்தக்க லூஹிகே யால்க் வழியாக இறங்கினால் நிகுலிஸ்தே. 1944 மார்ச் 9 குண்டுவீச்சில் எரிந்து, பிறகு திருப்பிக் கட்டி மியூசியமான தேவாலயம். நேரம் குறைந்தால் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பெர்ன்த் நோத்கெ 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய 'மரண நடனம்' இங்கே இருக்கிறது. போப், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என்று பதவி வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையையும் ஒரு எலும்புக்கூடு பிடித்திருக்கிறது. முதலாவது எலும்புக்கூடு பை ஊதுகுழல் வாசிக்கிறது. ஓவியத்தின் தொடக்கப் பகுதி, ஏழரை மீட்டர் அளவு, மட்டுமே தப்பியிருக்கிறது.

இதெல்லாம் முடிய மூன்றரை, நான்கு மணி ஆகும். மீதி நேரத்தில் பழைய நகரத்துக்கு வெளியே ஒரே ஓர் இடம். வெயில் இருந்தால் டிராமில் கத்ரியோர்க்: ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் 1718-இல் கட்டத் தொடங்கிய அரண்மனையும் பெரிய பூங்காவும். மழை பெய்தால் கடல்விமானத் துறைமுகம். 1916–17-இல் எழுப்பிய மெல்லிய கான்கிரீட் குவிமாடங்களுக்குள், இங்கிலாந்தில் கட்டி 1936-இல் வெள்ளோட்டம் விட்ட 'லெம்பித்' நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது, உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ஆறரைக்குள் துறைமுகம் திரும்பிவிடுங்கள்.

திங்கட்கிழமையை மட்டும் தவிருங்கள். மியூசியங்கள் பல அன்று மூடியிருக்கும், கோடை தவிர்த்த மாதங்களில் குறிப்பாக. ஜூன் 23, 24-ம் வேண்டாம். வெற்றி நாளும் யான் திருநாளும் அடுத்தடுத்து வருவதால் ஊர்க்காரர்கள் கிராமத்துக்குப் போய்விடுவார்கள், பல கடைகளும் மியூசியங்களும் பூட்டிக் கிடக்கும்.

சுத்த சைவம். முட்டைகூட இல்லை. பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
– வாசகர், கும்பகோணம்

வேண்டாம். ஆனால் கவனம் வேண்டும், ஏனென்றால் பெயரில் சைவமாகத் தெரிவதெல்லாம் அங்கே சைவமில்லை. பட்டாணி சூப் என்றால் புகையூட்டிய பன்றி இறைச்சி போட்டது. முல்கிபுதெர் என்பது உருளைக்கிழங்கும் பார்லியும் சேர்த்து மசித்த களி, அதன் தலையில் வறுத்த பன்றித் துண்டுகளைத் தூவித் தருவார்கள். கருப்பு ரொட்டித் துண்டுமேல் பெரும்பாலும் மத்தி வகைச் சின்ன மீன் இருக்கும்.

லிஹா என்றால் இறைச்சி, கலா மீன், கனா கோழி, சிங்க் பன்றி, முனா முட்டை. தைமெதோயித் என்றால் மரக்கறி உணவு, அதில் முட்டை இருக்கலாம். பால்கூட இல்லாததை வேகன் என்றே கேட்டுவிடுங்கள், எல்லோருக்கும் புரியும், முட்டைப் பிரச்சினையும் அதோடு தீரும். சூப்பர் மார்க்கெட்டில் கருப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கினால் ஒரு வேளை முடிந்தது. சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி இனிப்பு 'கொஹுகே' ஒவ்வொரு கடையிலும் குளிர்பெட்டியில் இருக்கும். 'கமா' என்ற மாவையும் பாருங்கள். வறுத்த பார்லி, ரை என்ற தானியம், ஓட்ஸ், பட்டாணி அரைத்தது. மோரில் கரைத்துக் குடிக்கிறார்கள், நம் சத்துமாவுக் கரைசலுக்கு மிக அருகில் வரும் ருசி. வார நாட்களில் நண்பகலில் ஓட்டல் வாசல் பலகையில் 'பேவபிராத்' என்று எழுதியிருந்தால் அன்றைய மதியச் சாப்பாடு, மெனு விலையைவிட மலிவு. பழைய நகரத்தில் இந்திய ஓட்டல்களும் உண்டு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

அம்மாவுக்கு வயது 61, லேசான முழங்கால் வலி. தனியாகத்தான் போகிறார். கோபுரம் ஏற முடியுமா?
– வாசகி, சேலம்

ஒலெவிஸ்தே கோபுரம் வேண்டாம். 232 படிகள், கல்லில் வெட்டிய சுருள் படிக்கட்டு, படிக்குப் படி உயரம் மாறும், நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். ஏறவும் இறங்கவும் அதே ஒரு வழிதான். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று, படியின் குறுகிய முனையில் கால் வைத்து வழிவிட வேண்டும். முழங்காலுக்குச் சோதனை ஏறும்போது அல்ல, அப்படி இறங்கும்போதுதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும் என்பதையும் மற்றவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், ஆய்வாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. இன்றைய உயரம் சுமார் 124 மீட்டர்.

உங்கள் அம்மாவுக்கு நிகுலிஸ்தே கோபுரம் பொருத்தம், உள்ளே லிஃப்ட் இருக்கிறது. தோம்பேயாவுக்குப் படி ஏறாமல் பிக் யால்க் என்ற சரிவுத் தெரு வழியாகப் போகலாம். முழுக்க உருளைக்கல் பாவிய தளம் என்பதால் தடித்த, வளையாத அடிப்பகுதி உள்ள ஷூ கட்டாயம். மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும், ஓரத்தில் தட்டைக்கல் பதித்த நடைபாதை உள்ள இடங்களில் அதில் நடக்கச் சொல்லுங்கள். பெட்டி இருந்தால் துறைமுக லாக்கரில் போட்டுவிட வேண்டும். இந்தக் கற்களில் டிராலி சக்கரம் தாங்காது.

தாலின், ரீகா, வில்னியஸ் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பஸ் ஜன்னல் வழியாக என்றால் முடியும். தாலினிலிருந்து ரீகா 310 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல். ரீகாவிலிருந்து வில்னியஸ் இன்னொரு நான்கு மணி நேரம். ஊருக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

டிசம்பரில்தான் லீவு கிடைக்கிறது. போகலாமா?
– வாசகர், சென்னை

போகலாம், மேலே சொன்ன நேரக் கணக்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒன்பதே காலுக்கு மேல்தான் விடியும், மூன்று இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். (ஜூனில் இரவு பத்தரைக்கு மேலும் வெயில்.) எனவே வரிசையைத் திருப்புங்கள்: வெளிச்சம் வந்ததும் முதலில் தோம்பேயா, மூன்று மணிக்கு மேல் மியூசியங்கள், இருட்டியபின் சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் சந்தை.

இருட்டில் நடப்பவர்கள் ஒளி எதிரொளிக்கும் வில்லை அணிவது எஸ்தோனியாவில் சட்டம். ஹெல்குர் என்று கேட்டால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், விலை சொற்பம். கோட்டின் வலப்பக்கம், முழங்கால் உயரத்தில் தொங்கவிடுங்கள். காரின் முகப்பு விளக்கு படுவது அந்த உயரத்தில்தான், நெஞ்சில் குத்தினால் பயன் குறைவு. வண்டிகள் அங்கே வலப்பக்கம் ஓடும், தெருவைக் கடக்க முதலில் இடப்பக்கம் பாருங்கள். பனி உருகும் நாட்களில் கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டிபோல் விழும். நடைபாதையில் நாடா கட்டி மறித்திருந்தால் அதைத் தாண்டி உள்ளே போகாதீர்கள்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு இரவில் பாதுகாப்பா? டாக்சியில் ஏமாற்றுவார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பொதுவாகப் பாதுகாப்பான ஊர். வெள்ளி, சனி இரவுகளில் பழைய நகரத்தின் குடிவிடுதித் தெருக்களில் கல்யாணத்துக்கு முந்தைய விருந்து கொண்டாட வந்த வெளிநாட்டுக் கும்பல்கள் தள்ளாடும், அந்த நேரம் அங்கே வேண்டாம். மெனுவில் விலை போடாத மதுக்கூடத்துக்குள் யார் அழைத்தாலும் போகாதீர்கள். டாக்சிக் கட்டணத்தை ஒவ்வொரு வண்டிக்காரரும் தானே வைக்கலாம், விலைப்பட்டியல் பின்பக்க வலது கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். படிக்காமல் ஏறியவர்கள்தான் மும்மடங்கு கொடுக்கிறார்கள். போல்ட் செயலி தாலினிலேயே பிறந்தது, அதில் அழைத்தால் கட்டணம் முன்பே தெரிந்துவிடும். அவசர எண் 112.

தாலின் கார்டு வாங்கலாமா? டிராமில் டிக்கெட் எப்படி?
– வாசகர், மதுரை

பல மியூசியங்களின் நுழைவுக் கட்டணம் சேர்ந்த அட்டை அது. நுழைவுக் கட்டணமுள்ள மூன்று இடங்களாவது போவதாக இருந்தால் கார்டு கட்டுபடியாகும், இரண்டுதான் என்றால் நஷ்டம். முதலில் காட்டும் நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் ஓடத் தொடங்கும்.

டிராம் உள்ளூர்வாசிகளுக்கு 2013 முதல் இலவசம், நமக்கு இல்லை. முன் கதவருகே உள்ள ஆரஞ்சு நிறக் கருவியில் வங்கி அட்டையை ஒருமுறை தொட்டால் ஒரு மணி நேர டிக்கெட். ஆளுக்கொரு அட்டை வேண்டும். கைப்பேசியால் தொட்டுவிட்டுப் பரிசோதகரிடம் பிளாஸ்டிக் அட்டையை நீட்டாதீர்கள். இரண்டும் ஒரே கணக்கானாலும் கருவிக்கு வேறு வேறு அட்டைகள், அபராதம் விழும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொட்டுச் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் தனித்தனியாக இயக்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் இயக்கினால் கடையில் வேலை செய்யும் அட்டை டிராமில் சிவப்பு விளக்கு காட்டும்.