சாதுவான நாய் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீடு. நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். மாமியார் கைத்தடி ஊன்றி நடப்பவர். லாப்ரடார்தான் சாது என்கிறார்கள். குட்டி வாங்கலாமா?
– வாசகி, தாம்பரம்

லாப்ரடார் நல்ல தேர்வு. ஆனால் குட்டி வேண்டாம். இந்த இனத்தின் நிதானம் இரண்டு, இரண்டரை வயதுக்கு மேல்தான் வரும். சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக் கொண்டுவருவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட நாய் என்பதால், அதுவரை செருப்பு, சேலை முந்தானை, குழந்தையின் கை என்று எதையாவது வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வயதிலேயே 25 கிலோவைத் தாண்டிவிடும். அந்த எடை சந்தோஷத்தில் பாய்ந்து வந்தால் உங்கள் மாமியார் விழுந்துவிடுவார். உங்கள் வீட்டில் நாய் கடிக்குமோ என்பதைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள நாயாகத் தேடுங்கள். வெளிநாடு போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் விட்டுச் செல்லும் லாப்ரடார்கள் காப்பகங்களில் இருக்கின்றன. வளர்ந்த நாயிடம் அதன் குணம் கண்ணெதிரே தெரியும். குட்டியிடம் ஊகிக்க மட்டுமே முடியும்.

ஒரே தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு நாள்களில் ஒரு மணி நேரமாவது இருந்து பாருங்கள். முதல் நாள் பெரியவர்கள் மட்டும் போங்கள். சற்றுத் தள்ளிச் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் சில நொடிகளில் தெளிந்து, வந்து முகர்ந்து பார்த்தால் நல்ல அறிகுறி. மூலையில் ஒடுங்கி வெளியே வர மறுத்தால், சத்தம் ஓயாத பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஒத்துவராது. அது பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு காது, பாதம், வாலடி மூன்றையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். பிறகு கயிற்றில் பதினைந்து நிமிடம் நடத்திப் பாருங்கள். பிள்ளைகளை இரண்டாம் தடவை அழைத்துப் போனால் போதும்.

லிஃப்ட் இல்லை என்கிறீர்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாக வரும். எனவே வீட்டுக்குக் கொண்டுவருமுன் கால்நடை மருத்துவரிடம் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். 30 கிலோ நாயைத் தினமும் மூன்று மாடி தூக்கி இறக்க யாராலும் முடியாது. எடை கூடினால் மூட்டு இன்னும் சீக்கிரம் கெடும். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியடங்கும் உணர்வைக் குறைக்கும் மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கண்டறிந்தார்கள். ஆகவே அது ஏங்கிப் பார்க்கிறதே என்று சோறு போடாதீர்கள். அளந்து, நாளுக்கு இரண்டு வேளை போதும். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் படவேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. நடை, காலை ஏழு மணிக்கு முன்னும் இருட்டிய பின்னும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

கோல்டன் ரெட்ரீவரும் குணத்தில் தங்கம்தான். ஸ்காட்லாந்துக் குளிருக்கு வாய்த்த அந்த இரட்டை ரோமம் சென்னைப் புழுக்கத்தில் ஈரம் காயாமல் தோல்புண்ணாகிவிடும். உள்ளே உண்ணி ஒளிந்தாலும் தெரியாது. ஒன்றுவிட்டு ஒருநாள் சீவ ஆளிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சின்ன நாய் என்றால் தொல்லை குறைவுதானே? பக் வாங்க நினைக்கிறோம். ஏசி கிடையாது.
– வாசகர், வேலூர்

ஏசி இல்லாத வேலூர் வீட்டில் பக் வேண்டவே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்குகிறது. பக்குக்கு மூக்குத் துவாரம் குறுகல், தொண்டையில் சதை அதிகம், அதனால் காற்றுப் போகும் வழி போதாது. கத்தரி வெயிலில் நாலு தெரு நடந்தாலே மயங்கி விழலாம். நாயின் இயல்பான உடற்சூடு 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி விழுந்தால் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துணியால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

வெயிலுக்குப் பழகிய நாட்டு நாய் உங்களுக்குப் பொருந்தும். இரண்டு வயதைத் தாண்டிய, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த பெண் நாயாகக் கேளுங்கள்.

நம்ம ஊர் இனம் என்பதால் சிப்பிப்பாறை ஆசை. பிள்ளைகளோடு பழகுமா?
– வாசகர், கோவில்பட்டி

வீட்டாரோடு பழகும். வீட்டுக்குள் அமைதியாகப் படுத்தும் கிடக்கும். ஆனால் முயல் விரட்டும் ரத்தம் அது. பூனையோ கோழியோ ஓடினால் உங்கள் குரல் காதில் விழாது. தோட்டமும் ஆறடி வேலியும் இருந்தால் வளருங்கள். அடுக்குமாடியில் கட்டிப்போட்டு வளர்த்தால் அதன் அமைதி போய்விடும்.

எங்கள் நான்கு வயது லாப்ரடார் சாப்பிடும்போது மகள் அருகில் போனால் உறுமுகிறது. அடித்துத் திருத்தலாமா?
– வாசகி, திருச்சி

அடிக்காதீர்கள். உறுமல் என்பது ‘தள்ளிப் போ’ என்று அது விடுக்கும் எச்சரிக்கை. அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும். இன்றிலிருந்தே கதவு மூடிய தனி அறையில் சாப்பாடு வையுங்கள். தட்டை எடுத்த பிறகே மகள் உள்ளே வரட்டும். இதுவரை உறுமாத நாய் திடீரென்று உறுமினால் வலி காரணமாக இருக்கலாம். பல், காது, இடுப்பு மூன்றையும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.