செப்பலினில் செய்த நினைவுப் பொருள் என்று விற்கிறார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் விழுத்தப்பட்ட செப்பலினின், அதாவது குண்டு போட வந்த ஜெர்மன் வான்கப்பலின், உலோகம் என்று ஒரு சாமானைக் காட்டுகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். நான் கொடுத்துவிட்டுத்தான் யோசித்தேன்.

எசெக்ஸில் ஞாயிறு காலைச் சந்தை ஒன்றில், காரின் டிக்கியைத் திறந்து பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் கடிதம் கிழிக்கும் கத்தி ஒன்று வாங்கினேன். மங்கலான அலுமினிய நிறம். 'செப்பலின், கஃப்லி, 3 செப்டெம்பர் 1916' என்று ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக அடித்திருந்தது. கஃப்லி லண்டனுக்கு வடக்கே ஒரு ஊர். அறுபது பவுண் சொன்னார், நாற்பத்தைந்துக்குத் தந்தார்.

வீட்டில் காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. சமையல் தராசில் 42 கிராம். தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்து முள்ளைச் சைபரில் நிறுத்தி, கத்தியை நூலில் கட்டி, அடி தொடாமல் தண்ணீருக்குள் முழுதாக இறக்கினால், தராசு காட்டும் கிராம்தான் அது விலக்கிய தண்ணீர். 15 காட்டியது. 42ஐ 15ஆல் பிரித்தால் 2.8, அதாவது அதே அளவு தண்ணீரைவிட 2.8 மடங்கு பாரம். செப்பலினின் எலும்புக்கூட்டுச் சட்டத்துக்குப் பாவித்த டுராலுமின் என்ற அலுமினியக் கலவையும் அதே கணக்கு! தமையனுக்கு உடனே படம் அனுப்பினேன். சமையல் தராசில் ஒரு கிராம் பிசகினாலே இந்தக் கணக்கு குழம்பிவிடும், கடைச் சட்டி அலுமினியமும் 2.7தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பழம்பொருள் மதிப்பிடுகிற ஒருவரிடமும் கொண்டுபோனேன். இருபத்தைந்து பவுண் வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்து, "சரியாகத்தான் தெரிகிறது" என்றார். கஃப்லி என்ற பெயரை அவர் வாசித்தாரோ தெரியாது.

வாசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். கஃப்லியில் 1916 செப்டெம்பர் 3 விடியப்புறம் பிரிட்டிஷ் விமானி லீஃப் ராபின்சன் சுட்டு விழுத்தியது செப்பலின் கம்பனிக் கப்பலே இல்லை. அது எஸ்.எல். 11, ஷூட்டே-லான்ஸ் என்ற வேறு ஜெர்மன் கம்பனி கட்டியது, சட்டம் முழுக்க மரம். அதில் வந்த 16 பேரும் இறந்தார்கள், மரம் எரிந்து போனது. பத்திரிகைகள் செப்பலின் என்று எழுதின, சனமும் அப்படியே சொன்னது. மிஞ்சியது பெரும்பாலும் கம்பிதான். அதைச் செஞ்சிலுவைச் சங்கம் துண்டு துண்டாக நறுக்கி, அட்டையோடு, காயப்பட்ட படையினருக்காக விற்றது. அது உருக்குக் கம்பி, காந்தம் ஒட்டும். 'காந்தம் ஒட்டினால் போலி' என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் எந்தக் கப்பல் என்று திருப்பிக் கேளுங்கள். கம்பியை யாரும் நறுக்கலாம், ஆகவே அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

"இன்ஜினிலும் உலோகம் இருந்திருக்குமே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள், தெரியும். இருந்திருக்கும். ஆனால் என் கத்தி மெல்லிய தகடு, ஒரு விளிம்பில் ஒரே இடைவெளியில் மூன்று ஆணித் துளை. இன்ஜினில் எடுத்த துண்டு இப்படி இராது. சட்டத் தகடு மாதிரித்தான் இருக்கிறது. அப்படியானால் அதே மாதம் 24ஆம் தேதி எசெக்ஸில் லிட்டில் விக்பரோவில் இறங்கிய எல் 33 என்ற அசல் செப்பலின் ஞாபகத்துக்கு வருகிறது. அதன் ஆட்களே தீ வைத்தும், அதை மிதக்க வைத்த வாயு முன்பே கசிந்துவிட்டதால் எலும்புக்கூடு பெரும்பாலும் அப்படியே நின்றது. பிரிட்டிஷ்காரர் அதைப் பார்த்துத்தான் ஆர் 33, ஆர் 34 என்ற தங்கள் வான்கப்பல்களைக் கட்டினார்கள். டுராலுமின் தாராளமாகக் கிடைத்த இடம் அது. கஃப்லி என்றால் விலை போகும் என்று அந்தக் காலத்திலேயே எவனோ பெயரை மாற்றி அடித்திருக்கலாம். போன வருடம் அடித்திருக்கவும் கூடும்.

எழுத்துப் பள்ளத்தில் பழைய அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து மனிசி அதையும் புளி போட்டு மினுக்கிவிட்டா. பளபள என்று இருந்தது. அவவைக் குறை சொல்லவில்லை, மேசையில் போட்டது நான்.

இதற்கு ஏன் இவ்வளவு மினக்கெட்டாய் என்று தமையன் கேட்டான். எங்கள் கிணற்றடியில் விழுந்த ஷெல் துண்டை அம்மா கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தா. 1995 ஒக்டோபர் கடைசியில் மழைக்குள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அது கதவடியிலேயே கிடந்தது. எங்கு, எப்போது விழுந்தது என்று சொல்ல எங்கள் ஒழுங்கையே இருந்தது. அதற்கு அட்டை எழுதத்தான் ஒருவரும் இல்லை.

விற்கிறவரிடம் எந்தக் கப்பல், எந்த ஊர், யார் கையிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் கத்தியின் விலை மட்டும் கொடுங்கள். என்னுடையது கவுன்சில் வரிக் கடிதம் கிழிக்க நன்றாகத்தான் இருக்கிறது.