வீட்டுத்தோட்டக் கேள்வி-பதில்: இலை கருகிய கதையும் தப்பான பொறியும்

மிளகாய் இலை சுருள்கிறது. என்ன அடிக்கலாம்? (செந்தூல்)

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று எழுதினால்தானே சொல்ல முடியும்! இலையோரம் மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இளந்தளிர் குறுகித் தடித்தால் கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்கும் முதல் வேலை நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவது. பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய வேப்பெண்ணெய்க் கரைசல். அளவு அடுத்த பதிலில். செடியின் இலை மஞ்சளாகிச் செடி குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள்.

வேப்பெண்ணெய் அடித்தேன், செம்பருத்தி இலையெல்லாம் கருகிவிட்டது. எண்ணெய் போலியா? (பாயான் லெப்பாஸ்)

எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். "இரண்டு மூடி எண்ணெய், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, மதியம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதைவிடச் செடியைக் கொல்ல வேறு வழி வேண்டாம். "இயற்கைதானே, கூடினால் என்ன" என்று வரும் கடிதங்களைப் படித்தே எனக்கு அலுத்துவிட்டது. புகையிலைச் சாறும் இயற்கைதான். அதிலுள்ள நிகோடின் ஆளுக்கே விஷம்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முதலில் கால் டீஸ்பூன் மென்மையான சோப்புத் திரவம். அது கரைந்த பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 மில்லி எண்ணெய். குலுக்கினால் பால்போல் வெளுக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கவில்லை, அதை அடித்தால் எண்ணெய் திட்டுத் திட்டாய் ஒட்டி இலை வெந்துவிடும். பாத்திரக் கறை நீக்கும் காட்டமான திரவம் இலையின் மெழுகுப் படலத்தையும் சேர்த்தே கழுவிவிடும். அப்புறம் நம்ம ஊர் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மாலை 6 மணிக்கு மேல், மழை வராது என்று தெரிந்த நாளில் அடியுங்கள். வாடிய செடிக்கு வேண்டாம். முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், நாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். முட்டைகள் சாகாது என்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று தடவை. மாவுப்பூச்சி என்றால் செடியில் ஏறும் எறும்பையும் பாருங்கள். எறும்பு காவல் இருக்கும்வரை அந்தப் பூச்சி திரும்பத் திரும்ப வரும்.

ஈப் பொறி வைத்தும் பாகற்காயில் புழு. (சிகாம்புட்)

பொறியில் என்ன கவர்ச்சி மருந்து? மெத்தில் யூஜினால் என்றால் மா, கொய்யாவைத் தாக்கும் ஈதான் வரும். பாகல் ஈக்கு க்யூ லூர் வேண்டும். அதிலும் ஆண் ஈ மட்டுமே சிக்கும். முட்டையிடும் பெண் ஈ வெளியேதான் சுற்றும். அதனால் பூ வாடிய இரண்டு மூன்று நாளில் பிஞ்சுக்குக் காகித உறை போட்டுக் காம்பருகே இறுக்குங்கள். மழையில் ஊறினால் மாற்றுங்கள். புழு விழுந்த காயைக் கொடியடியில் போடாதீர்கள். மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி மறுபடி ஈயாகிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

கொண்டோ பால்கனியில் உரத்தொட்டி நாறுகிறது. (செராஸ்)

ஈரம் அதிகம். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகோ தேங்காய் நார்த்தூளோ போட்டுக் கிளறுங்கள். சோறு, குழம்பு, மீன் முள் வேண்டாம்.

கறிவேப்பிலையில் பச்சைப் புழு. (பட்டர்வொர்த்)

வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிடுங்கள். சாப்பிடும் இலையில் எதையும் அடிக்காதீர்கள்.

ஆப்பிரிக்க நத்தைக்கு உப்புத் தூவலாமா? (ஆயர் ஈத்தாம்)

வேண்டாம், மண் கெட்டுவிடும். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்: எலியின் நுரையீரல் புழு இந்த நத்தையில் இருக்கலாம், அது மனித மூளை உறையைத் தாக்கும். கீரையை ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமா? (செந்தூல்)

தண்ணீர் நிற்கும் தட்டு ஏடிஸ் கொசுவுக்குத்தான். மணல் நிரப்புங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.