வெட்டியது யார்?

அன்புள்ள ஐயா,

ஏரி, குளங்களைச் சீரமைக்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் ஆங்கில அறிக்கைகளில் கோஆபரேஷன், கொலாபரேஷன், கோஆர்டினேஷன் என்று மூன்றும் மாறி மாறி வரும். நான் எல்லாவற்றுக்கும் 'ஒத்துழைப்பு' என்றே போட்டுவந்தேன். போன மாதம் ஒரு ஊர்க்கூட்டத்தில் 'மூன்று ஊர் மக்களின் ஒத்துழைப்புடன் ஏரி தூர்வாரப்பட்டது' என்று வாசித்தேன். ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்மா, வெட்டினதும் நாங்க, ஒத்துழைப்பும் நாங்கதானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டா? நான் எங்கே தவறினேன்?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

பெரியவரே பதில் சொல்லிவிட்டார். அதில் இருக்கும் இலக்கணத்தை மட்டும் நான் எடுத்து வைக்கிறேன்.

'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று செய்தியில் படிக்கிறோம். 'சிகிச்சைக்கு உடம்பு ஒத்துழைக்கிறது' என்கிறார் மருத்துவர். இரண்டிலும் 'கு' என்ற உருபைப் பாருங்கள். அது எதில் ஒட்டுகிறதோ அதுதான் முதன்மையான வேலை. அதை நடத்துகிறவர் வேறொருவர். ஒத்துழைப்பவர் அதற்கு இடம் கொடுக்கிறார், அவ்வளவுதான். 'சேர்ந்து', 'கூடி' என்றால் அங்கே 'ஓடு', 'உடன்' வரும். அண்ணனோடு சேர்ந்து கடை வைத்தான் என்றால் கடை இருவருக்கும் சொந்தம். 'அரசுடன் ஒத்துழைத்தார்' என்றும் எழுதுகிறார்களே என்பீர்கள். சரி, உருபு மாறியது. ஆனால் யார் யாருக்கு வளைந்தார் என்பதில் படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

சாலையில் பள்ளம் தோண்டிவிட்டு 'பணி நடைபெறுகிறது, ஒத்துழைப்பு தாரீர்' என்று பலகை வைக்கிறார்கள். நாம் தரும் ஒத்துழைப்பு வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போவதுதான். அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்த பையனை யாரும் 'சமையலுக்கு ஒத்துழைத்தான்' என்பதில்லை. கூடமாட ஒத்தாசையாக இருந்தான் என்பார்கள். 'கூடமாட' என்பதை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அறிக்கைகளுக்குத்தான் நஷ்டம்.

ஒத்துழைப்பு மேலிருந்து கேட்கப்படுவது என்பதால்தான் அதன் எதிர்மறைக்கு அத்தனை வலு வந்தது. 1920-ல் காந்தி தொடங்கிய இயக்கத்துக்குத் தமிழில் 'ஒத்துழையாமை' என்று பெயர் நின்றது. ஆட்சி அவர்களுடையது, அதற்கு நம் கையைக் கொடுக்க மாட்டோம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. திருக்குறள் அதிகாரங்களை நினைத்துப் பாருங்கள்: கொல்லாமை, கள்ளுண்ணாமை, புறங்கூறாமை. செய்யாமல் இருப்பதையே அறமாகச் சொல்லும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது இந்தப் புதுச்சொல். அதே பொருளை 'சேர்ந்து செய்யாமை' என்று சொல்லிப் பாருங்கள், சோம்பேறித்தனம் போலத்தான் கேட்கும்.

'ஒத்து' என்று ஒரு கருவியே உண்டு. பார்வைக்கு நாதஸ்வரம் போல இருக்கும். கச்சேரி முழுக்க மூச்சு அறாமல் ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருப்பது அதன் வேலை. அது இல்லாமல் நாதஸ்வரக்காரர் ராகத்தை எதன்மேல் நிறுத்துவது? ஆனால் நாம் அதைக் கேலியாக்கிவிட்டோம். முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் 'ஒத்து ஊதுகிறான்'. இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஒத்துக்காரர்கள் மேடையை விட்டுப் போய்விட்டார்கள், வசவு மட்டும் நிலைத்துவிட்டது.

சேர்ந்து வேலை செய்வதிலிருந்து வந்த சொற்களுக்கு இப்படி ஒரு தலைவிதி. தேரோட்டத்தைப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். முன்னால் வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் படமெடுப்பார்கள். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து எடுப்பவர்கள். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் உயிர் போகும் வேலை. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. கட்டைக்கு வேலை போகவில்லை. அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. இன்று 'திட்டத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்' என்றால் திட்டத்தைக் கெடுக்கிறவர் என்று பொருள். தேருக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று பார்த்தவர்கள் அந்தச் சொல்லை இப்படிப் பயன்படுத்தக் கூச்சப்படுவார்கள்.

'கூட்டு'க்கு வருவோம். கூட்டுக் குடிநீர்த் திட்டம், கூட்டுப் பட்டா, கூட்டுக் குடும்பம் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கின்றன (கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக மாற்ற அலைந்தவர்கள் மன்னிக்கவும்). அப்புறம் கூட்டுச்சதி, கூட்டுக்களவாணி. நம் செய்தித்தாளில் 'கூட்டாளிகள் இருவர் கைது' என்று வரும். யாழ்ப்பாணத்தில் 'இவன் என்ர கூட்டாளி' என்றால் நண்பன் என்று அர்த்தம். அங்கிருந்து வந்த ஒருவர் என்னை அப்படி அறிமுகப்படுத்தியபோது ஒரு நொடி போலீஸ் நிலையம் நினைவுக்கு வந்தது. 'கூட்டுறவு' அழகான சொல்தான், ஆனால் அது கட்டடத்தின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. மாடு வைத்திருப்பவர்கள் 'சொசைட்டிக்குப் பால் ஊத்துறோம்' என்கிறார்கள்.

இதில் ஆங்கிலம் ஒன்றும் சுத்தமில்லை. 1940 அக்டோபரில், ஜெர்மனியிடம் தோற்றிருந்த பிரான்சின் தலைவர் பெத்தான் ஹிட்லரைச் சந்தித்துவிட்டு வந்து, கொலாபரேஷன் பாதையில் நுழைவதாக வானொலியில் அறிவித்தார். ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு ஆக்கிரமித்தவனுக்குத் துணைபோதல் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. அந்தப் பொருளைத் தமிழில் சொல்ல 'உடந்தை' இருக்கிறது. உங்கள் அறிக்கைக்கு அது வேண்டாம்.

ஆகவே மூன்றுக்கு மூன்று என்று சொற்களைத் தேடாதீர்கள். கோஆர்டினேஷனுக்கு 'ஒருங்கிணைப்பு' போதும், யாரோ ஒருவர் எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறார் என்று வாசகருக்குப் புரியும். மற்ற இரண்டுக்கும் வாக்கியத்தைப் பிரித்து, யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்டாலே பாதி இடங்களில் பெயர்ச்சொல் தேவைப்படாது. உங்கள் வாக்கியத்தில் 'தூர்வாரப்பட்டது' என்ற செயப்பாட்டு வினைக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருக்கிறார்கள். வெட்டியவர்கள் 'உடன்' என்ற உருபோடு ஓரமாக நிற்கிறார்கள். பெரியவருக்கு உறுத்தியது அதுதான்.

குளத்தையும் வாய்க்காலையும் ஊரே இறங்கிப் பராமரித்ததற்குக் 'குடிமராமத்து' என்று பெயர். மராமத்து அரபியிலிருந்து வந்த சொல், ஆனால் முன்னால் நிற்பது குடி. 1858-ல் சென்னை மாகாணத்தில் அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. கேட்டு வாங்க வேண்டிய ஒத்துழைப்பாக அது மாறிப்போனது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த கூட்டத்துக்கு இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: 'மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து ஏரியைத் தூர்வாரினார்கள். டீசல் செலவு எங்களுடையது.' டீசல் உங்களுடையதா என்பதை மட்டும் கணக்குப் பிள்ளையிடம் சரிபார்த்துவிடுங்கள். அந்தப் பெரியவர் அதையும் கேட்பார்.