எலுமிச்சை வாடாம, அழுகாம வைக்க: கேள்வி பதில்

அண்ணாச்சி, புளியங்குடி எலுமிச்சை 2 கிலோ வாங்கினேன். கூடையில வச்சா ஒரே வாரத்துல தோல் கல்லா இறுகுது. ஏன்? (பாளையங்கோட்டை)

கெட்டுப்போகலை, தண்ணி வத்திருக்கு. பறிச்ச பிறகும் தோல் வழியா ஈரம் போய்க்கிட்டே இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கும் ஆடிக் காத்துக்கும் அது ரொம்ப வேகம். வாங்கினதும் தரம் பிரிங்க. நசுங்கினது, கீறல் விழுந்தது, காம்போட தோல் பிய்ஞ்சதை எல்லாம் அன்னைக்கே பிழிஞ்சிருங்க. மத்ததைக் கழுவ வேண்டாம். காய்ஞ்ச துணியால துடைச்சு, நாலஞ்சு குண்டூசித் துளை போட்ட பாலித்தீன் பையில கட்டி, ஃபிரிட்ஜ்ல அடியில இருக்கிற காய்கறிப் பெட்டியில வைங்க. பைக்குள்ள முத்து முத்தா வேர்த்தா பேப்பரை மடிச்சு வைங்க, நனைஞ்சா மாத்துங்க. மூணு வாரம் தாராளமா நிக்கும்.

இறுகின காயை இளஞ்சூட்டு வெந்நீர்ல 10 நிமிஷம் போட்டு, உள்ளங்கையால அழுத்தி உருட்டினா பிழிய லேசா இருக்கும். வத்தின சாறு திரும்பாது.

ஃபிரிட்ஜ்ல வச்சும் தோல்ல பழுப்புக் குழி விழுது. பூஞ்சையா? (சங்கரன்கோவில்)

இல்லக்கா, குளிர் தாங்காததுதான். எலுமிச்சைக்கு 9, 10 டிகிரி சுகம். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரியில ஓடுது. ஃப்ரீசருக்குக் கீழ, பின்சுவரை ஒட்டி வைக்காதீங்க. பச்சைக் காய்க்குத்தான் இது சீக்கிரம் வரும். சாறு நல்லாவே இருக்கும். ஆனா வெளியே எடுத்தா குழி வழியா அழுகல் ஏறும், உடனே பிழிஞ்சிருங்க.

அம்மன் கோயில் மாலைப் பழம் ரெண்டு மூணு நாள்ல அழுகிருதே? (அம்பாசமுத்திரம்)

ஊசி போன ஓட்டைதான் காரணம். பூஞ்சைக்கு அந்த வாசல் போதும். முதல்ல தோல் மெத்துனு தண்ணி கோத்த மாதிரி ஆகும், அப்புறம் வெள்ளை படரும், நடுவுல பச்சைப் பொடி பூக்கும். பொடி பறக்காம பேப்பரால மூடி எடுத்து எறியுங்க. அந்த இடத்தை வெட்டிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம். கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காய வைங்க. மாலைப் பழம், சூலத்துல குத்தின பழம் எல்லாம் அன்னைக்கே சாறுதான்.

வாழைப்பழத்தோட வச்சா பழுக்குமா? (தென்காசி)

தோல் மஞ்சளாகும், புளிப்பு குறையாது. காம்புத் தொப்பி உதிர்ந்து அழுகலுக்கு வழிவிடும். தள்ளியே வைங்க.

விசேஷத்துல 50 பழம் மிஞ்சிட்டு, என்ன செய்ய? (கடையநல்லூர்)

சாறு பிழிஞ்சு, கசக்காம இருக்க விதையை வடிகட்டி, ஐஸ் தட்டுல ஊத்துங்க. உறைஞ்ச கட்டிகளை மூடி போட்ட டப்பாவுக்கு மாத்தி ஃப்ரீசர்லயே வச்சா மூணு மாசம் நிக்கும். சர்பத்துக்கு ஒரு தம்ளருக்கு ஒரு கட்டி. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளிப்பு அரிச்சிரும்.