கரு கலைந்தபோது ஊசி போடவில்லை, இப்போது என்ன செய்வது?

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். போன வருடம் பத்தாவது வாரத்தில் கரு கலைந்து டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) செய்தார்கள். நெகட்டிவ் வகைக்குப் போடும் ஊசியை யாரும் போடவில்லை. மீண்டும் குழந்தைக்கு முயல்கிறோம். அந்த ஊசியை இப்போது போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போது போட்டுப் பயனில்லை. ஆன்டி-டி ஊசி, குழந்தையின் பாசிட்டிவ் அணுக்களை உங்கள் உடல் அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள் உருவாக்குவதற்கு முன்பே தடுப்பது. அதனால்தான் கரு கலைந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று கணக்கு வைக்கிறோம். ஆனால் பயப்படாதீர்கள். அவ்வளவு சீக்கிரம் கலைந்த கருவால் எதிர்ப்புப் பொருள் உருவாகும் வாய்ப்பு குறைவுதான்.

குறைவு என்பதற்காக ஊகத்தில் விட வேண்டாம். கருத்தரிக்கும் முன்பே ஐசிடி, அதாவது உங்கள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

ஐசிடி நெகட்டிவ் என்று வந்தால் தாராளமாக முயலலாம். கர்ப்பம் உறுதியானதும் ஒரு முறை, 28-வது வாரத்தில் இன்னொரு முறை ஐசிடி பாருங்கள். அப்போதும் நெகட்டிவ் என்றால் 300 மைக்ரோகிராம் ஊசி. செலவை நினைத்து இதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பிரசவம் ஆனதும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகையைப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு மறுபடியும் ஊசி. இடையில் உதிரப்போக்கு இருந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஐசிடி பாசிட்டிவ் என்றாலும் கதவு மூடிவிடவில்லை. ஊசி உதவாது, கண்காணிப்புதான் உதவும். எதிர்ப்புப் பொருளின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அது கூடினால், குழந்தைக்கு ரத்தசோகை வருகிறதா என்று மூளை ரத்தக்குழாயின் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துகொள்வார்கள். தேவைப்பட்டால் கருப்பையில் இருக்கும்போதே குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடியும். அந்த வசதியுள்ள கருநிலை மருத்துவ நிபுணரிடம் ஆரம்பத்திலேயே போய்விடுங்கள். கணவரின் இரண்டு மரபணுக்களில் ஒன்று மட்டுமே பாசிட்டிவாக இருந்தால், குழந்தை நெகட்டிவாகப் பிறக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அப்புறம் ஒன்று. 'நெகட்டிவ் தாயின் முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது' என்று பலரும் சொல்வார்கள். வீட்டில் இதுதான் முதல் குழந்தை. உங்கள் ரத்தத்தின் கணக்கில் இது இரண்டாவது. மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று கரு கலைந்ததைச் சொல்லாமல் விடாதீர்கள். டி அண்ட் சி செய்த தேதியும், ஊசி போடவில்லை என்பதும் உங்கள் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.