சுகர் மாத்திரையோடு வேறு மருந்தைச் சேர்த்தால் கல்லீரல் புற்றுநோய் செல்கள் சாகுமா?

கேட்டவருடைய அப்பாவுக்குக் கல்லீரலில் புற்று. சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் புற்றுநோய் மருந்து இன்னும் நன்றாகக் கேட்குமா என்பது கேள்வி. லேபில் தட்டில் வளர்த்த செல்கள் சாகும், உண்மைதான். அதை நம்பி வீட்டில் மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள்.

பாளையங்கோட்டையில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். எம்.ஃபார்ம் படித்தபோது என் ப்ராஜெக்ட் இந்த மாதிரி செல் வேலைதான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். குழிக்குள் ஹெப்ஜி2, ஹூ7 என்று பெயர் வைத்த கல்லீரல் புற்று செல்கள். ஒரு வரிசைக்கு மெட்ஃபார்மின் மட்டும், அடுத்ததற்கு இன்னொரு மருந்து மட்டும், அதற்கடுத்ததில் இரண்டும். ஓரிரு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விட்டால், உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும். இரண்டு மருந்தும் போன வரிசை வெளிறிக் கிடக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படி? சொராஃபெனிப் செல் பெருகுவதற்கான ஒரு கட்டளைப் பாதையை அடைக்கிறது. கன்னடியன் கால்வாயில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குப் போகிற மாதிரி, செல் வேறு பாதையைப் பிடித்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் கை வைத்து ஆற்றலைக் குறைக்கும். அதனால் ஏஎம்பிகே என்ற நொதி விழித்து, எம்டோர் என்ற வளர்ச்சிப் பாதையை அமுக்கும். இரண்டு பக்கமும் அடைபட்டால் செல் திணறும். யோசனையில் தப்பில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. தட்டில் பெரும்பாலும் 5 மில்லிமோலார், 10 மில்லிமோலார் என்று ஊற்றுகிறார்கள். 5 என்றால் லிட்டருக்குச் சுமார் 650 மில்லிகிராம். அதிகபட்ச டோஸ் சாப்பிடுகிறவர் ரத்தத்தில்கூட லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டுவது அபூர்வம். குடலிலிருந்து நேரே வருவதால் கல்லீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனாலும் தட்டின் கணக்குக்கு எட்டாது. இன்னொன்று: செல் வளர்க்கப் பலரும் எடுக்கிற கரைசலில் சர்க்கரை 450. நம்ம ஊரில் யாருக்காவது அந்த ரிப்போர்ட் வந்தால் உடனே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்!

கடைக்கு வருகிற அண்ணாச்சி ஒருத்தர், "ஐநூறு பவர் ரெண்டுக்கு நாலா போட்டா அது சீக்கிரம் சாவாதா தம்பி?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதும் இதே கணக்குதான்.

மனிதர்களிடம் பார்த்ததும் தெளிவாக இல்லை. மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கல்லீரல் புற்று குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொன்னது நிஜம். ஆனால் அவை பெரும்பாலும் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் போட்ட கணக்கு. கல்லீரல் கெட்டவருக்கு டாக்டர் மெட்ஃபார்மினே எழுத மாட்டார், அதனால் மெட்ஃபார்மின் சாப்பிடுகிற பக்கம் ஆரோக்கியமானவர்களே சேர்ந்துவிடுவார்கள். 2015-இல் இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் தலைகீழ்: சொராஃபெனிப் எடுத்தவர்களில், ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தவர்களுக்குத்தான் பலன் குறைவு. அதுவும் சிறிய ஆய்வுதான். மார்பகப் புற்றில் 3,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து முறையாக நடத்திய சோதனை 2022-இல் வெளியானது. மெட்ஃபார்மின் சேர்த்ததால் நோய் திரும்புவது குறையவில்லை.

மலிவு மாத்திரை மேல் ஆசை வருவது புரிகிறது. சொராஃபெனிப் ஒரு காலத்தில் மாதம் சுமார் 2,80,000 ரூபாய். 2012-இல் இந்திய அரசு கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வேறு கம்பெனி தயாரிக்கலாம் என்ற அனுமதி) கொடுத்த பிறகுதான் 8,880 ரூபாய்க்கு இன்னொரு கம்பெனி மருந்து வந்தது.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. சொராஃபெனிப் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், மெட்ஃபார்மினும் கொடுக்கும். சித்திரை வெயிலில் அப்பாவுக்கு ரெண்டு நாள் நிற்காமல் போனால் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும். சிறுநீரகம் மெட்ஃபார்மினை வெளியேற்ற முடியாமல் அது தேங்கும், அதனால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அதைக் கழிக்க வேண்டிய கல்லீரலோ ஏற்கெனவே நொந்து கிடக்கிறது. மூச்சு வாங்கும், வாந்தி வரும், ஆளே துவண்டுவிடுவார். இது அரிதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. வயிறு வீங்கி நீர் கோத்திருந்தாலோ காமாலை இருந்தாலோ மெட்ஃபார்மினை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றுவதுதான் வழக்கம்.

அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். கல்லீரல் ஓரளவு நன்றாக இயங்குகிறவர்களுக்குச் சர்க்கரைக்காக அதைத் தொடரச் சொல்கிற டாக்டர்கள் உண்டு. அடுத்த முறை போகும்போது கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின், ஆல்புமின், அதோடு கிரியேட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, "இந்த அளவுக்கு மெட்ஃபார்மின் தொடரலாமா, எத்தனை?" என்று கேளுங்கள். காலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.